நாலாம் வரிசை, பதினோராம் கல்லறை

ஒரு பெண்ணுக்கு, அவருடைய அம்மாவின் கல்லறைப் படத்தை வைத்தே, திருட்டுப் பட்டம் கட்டியவன் நான். நேருக்கு நேர் சொல்லவில்லை; அவ்வளவு தைரியம் எனக்குக் கிடையாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சிவப்பு எழுத்தில், பத்து நிமிடத்தில் செய்து முடித்தேன். முடித்ததும் எழுந்துபோய் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. ஆதார் திருத்தம், பட்டாவுக்கு மனு, பரீட்சை முடிவு, பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று நாள் ஓடிவிடும். வீடு, குளத்தூரிலிருந்து குன்றாண்டார்கோவில் போகிற பக்கம் ஒரு சின்ன ஊரில். ஊரில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். என் கடையில் விண்ணப்பம் போட்டு பாஸ்போர்ட் வாங்கிப் போனவர்களே நிறைய. சிங்கப்பூர், மலேசியா, குவைத் என்று பிள்ளைகள் போய்விட, பெற்றவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரமே புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சிலுவைக்குக் கறுப்புப் பெயின்ட் தொட்டு வைத்துவிடுவார்கள். அன்றைக்குக் காலையில் பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார். மழை மாதம் என்பதால் பல வருடம் குடைக்குள்தான் மெழுகுவத்தி எரியும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அன்றைக்கு எனக்குப் போன் செய்வார்கள். "எங்கப்பா கல்லறைய ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுப்பா" என்பார்கள். நாற்பது பேருக்குத் தனித்தனியாக அனுப்பி அலுத்துப்போய்த்தான் ஒரு இணையதளம் தொடங்கி, எல்லாக் கல்லறைகளையும் படமெடுத்து அதில் போட ஆரம்பித்தேன். சேவை மனப்பான்மை என்று பங்குச்சாமியார் பிரசங்கத்தில் பாராட்டினார். உண்மையில் அது சோம்பல்.

வடக்கு மூலையிலிருந்து எண்ணி, வரிசை எண், கல்லறை எண் என்று படங்களுக்குப் பெயர் வைத்தேன். நாலாம் வரிசையில் பதினோராவது என்றால் 4-11. ஒவ்வொரு வருடமும் அதே பெயரில் புதுப் படத்தை ஏற்றுவேன். பழையது அழிந்து அதே இடத்தில் புதியது உட்கார்ந்துகொள்ளும், முகவரி மாறாது. இதற்காக நான் யாரிடமும் கூலி வாங்கியதில்லை. அந்த ஒரு காரணத்தாலேயே அந்தப் படங்கள் எல்லாம் என் சொத்து என்று எனக்குள் ஒரு நினைப்பு வளர்ந்துவிட்டது.

இணையத்தில் ஒரு நாகரிகம் உண்டு. யாரும் சட்டம் போட்டு எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்குத் தெரியும். அடுத்தவர் தளத்தில் உள்ள படம் ஒன்றை உங்கள் பக்கத்தில் காட்ட வேண்டுமானால், அவரைக் கேட்டு, நகல் எடுத்து, உங்கள் இடத்தில் வைத்துக்கொண்டு, யாருடையது என்று ஒரு வரி போட வேண்டும். நகலே எடுக்காமல், அவருடைய படம் இருக்கும் முகவரியை மட்டும் உங்கள் பக்கத்தில் சொருகிவிடவும் முடியும். பார்ப்பவருக்கு அது உங்கள் படம் போலவே தெரியும். ஆனால் ஒவ்வொருவர் பார்க்கும்போதும் படம் அவருடைய சர்வரிலிருந்துதான் இறங்கும். பக்கத்து வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுத்து நம் வீட்டில் லைட் போட்டுக்கொள்கிற மாதிரிதான். நான் வைத்திருந்தது சின்னத் திட்டம். மாதத்துக்கு இவ்வளவுதான் இறங்கலாம், தாண்டினால் தளம் நின்றுவிடும்.

இந்த நாகரிகத்துக்கு இன்னொரு பாதி இருக்கிறது. அப்படி யாராவது இழுப்பது தெரிந்தால், எதையும் செய்வதற்கு முன்னால் அவருக்கு ஒரு வரி எழுதிச் சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பேர் விவரம் தெரியாமல்தான் செய்திருப்பார்கள். இந்தப் பாதியும் எனக்குத் தெரியும். கடைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய கல்லறைத் திருநாள் அது. காலையில் படமெடுத்து, பதினொரு மணிக்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். ஒரு மணிக்குத் தளம் நின்றுபோனது. போன் அடிக்க ஆரம்பித்தது. "படம் ஒண்ணும் வரலையேப்பா, என்னமோ இங்கிலீசுல வருது" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். மலேசியாவிலிருந்து ஒரு பெரியவர் மூன்று முறை கூப்பிட்டார். அவருடைய மனைவியை அடக்கம் செய்து அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்றாம் முறை அழுதேவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

கூடுதல் அளவு வாங்கிப் போட்டுத் தளத்தை எழுப்பிவிட்டு, யார் இவ்வளவு இழுத்தது என்று பதிவுகளைப் பார்த்தேன். ஒரே ஒரு படம்தான் ஆயிரக்கணக்கான முறை இறங்கியிருந்தது. 4-11. அது யாருடைய கல்லறை என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப்போட்ட அம்மா. எனக்கும் அவர் கையால் சோறு போட்டிருக்கிறார்.

இழுத்த பக்கத்தைத் திறந்தேன். நீலப் பின்னணி, ஆடுகிற மெழுகுவத்தி ஒன்று, 'எங்கள் அன்பு அம்மா' என்று ஒரு தலைப்பு, ஒரு செபம், நடுவில் என்னுடைய படம். எடுத்தவன் பெயர் எங்கும் இல்லை. யாரோ ஒரு செபக் கூட்டம், பக்தியைப் பரப்புகிறேன் என்று கண்ட படத்தையும் சுருட்டிப் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் எழுதவில்லை.

இரண்டு வரி நிரல் எழுதினால் போதும். வெளித்தளத்திலிருந்து யார் கேட்டாலும், கேட்ட படத்துக்குப் பதிலாக நாம் வைத்த வேறொரு படம் போய்ச் சேரும். அந்த வேறொரு படத்தைத் தயார் செய்தேன். வெள்ளைத் தரையில் சிவப்புக் கொட்டை எழுத்து: 'இது திருட்டுப் படம். அடுத்தவர் பொருளைக் கேட்டு எடுக்கப் பழகுங்கள்.' அந்த நீலப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். ஆடுகிற மெழுகுவத்திக்குப் பக்கத்தில், 'எங்கள் அன்பு அம்மா'வுக்குக் கீழே, சிவப்பாக நின்றது. அதற்குப் பிறகுதான் அந்த டீ.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"செத்தவுக படத்துலயா எழுதி வச்சீங்க?"

"படத்துல எழுதல. படத்துக்குப் பதிலா வச்சிருக்கேன்."

"அதுல என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டு அவள் குழாயைத் திறந்தாள். தொழில்நுட்பம் தெரியாதவர்களிடம் பேசிப் பயனில்லை என்று வாசலுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். குவைத் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பெண் குரல். பின்னால் ஆட்கள் இருக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணே, கல்லறைப் படம் போடுற அண்ணனுங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"நம்ம ஊருதாண்ணே நானு. பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்கிப்போட்டவுக மக."

அவரைப் பற்றி ஊரில் பேசிக் கேட்டிருக்கிறேன். தன் விருப்பத்துக்கு ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவர். அதற்குப் பிறகு வீட்டோடு பேச்சில்லை. அம்மா இறந்தபோதும், வந்தால் நடக்கிறதே வேறு என்று தம்பி சொல்லியனுப்பியதால், அடக்கத்துக்கு வரமுடியாமல் போனவர். அம்மாவின் கல்லறையை அவர் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

அவர் சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். நடந்ததை நடந்தபடி சொன்னார். "டூட்டிக்குப் போறதுக்கு முன்னால செபமாலை சொல்லலாம்னு இங்கிட்டு நாலு குடும்பம் வந்திருந்தாகண்ணே. வருசா வருசம் இப்படித்தான். டிவியில அம்மா கல்லறையப் பெருசா வச்சு, முன்னால மெழுகுவத்தி கொளுத்துவோம். இன்னைக்குத் தொறந்தா செவப்பா எழுத்து வந்துச்சு. எம்மக இப்பத்தான் தமிழ் படிக்கப் பழகுறா. அவதான் எழுத்துக் கூட்டிச் சத்தமா வாசிச்சா. வாசிச்சுட்டு, யாரும்மா திருடுனான்னு கேட்டா."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. இல்லாட்டி சேவ் பண்ணி ஒங்க பக்கத்துலயே போட்டிருக்கலாம். நேரா லிங்க் குடுத்ததுல எல்லாருக்கும் படம் நின்னு போச்சு. மலேசியாவுல ஒரு பெரியவரு அழுறாரு."

"ஐயோ, அது எனக்குத் தெரியாதுண்ணே. இந்த வருசம் செபக் குழு வாட்ஸ்அப்புல எல்லாருக்கும் அந்தப் பக்கத்த அனுப்பிவிட்டேன், இத்தன பேரு தொறந்து யாருக்கும் நிக்கும்னு நெனக்கல" என்றார். பிறகு சொன்னார்: "மொதல்ல சேவ் பண்ணித்தான் போட்டிருந்தேன். ஆனா அது அந்த வருசத்துப் படமாவே நின்னுபோச்சு. அதுக்கப்பறம் ஒருத்தர் சொல்லிக்குடுத்தாரு, லிங்க் குடுத்தா நீங்க அங்க மாத்தினதும் இங்கயும் தானா மாறிரும்னு. அப்பிடித்தான் மாறுச்சு. ஒவ்வொரு வருசமும் புதுப் பூ வந்துச்சு. சேவ் பண்ணினா போன வருசத்துப் பூவுதானே இருக்கும்? அம்மாவுக்கு இன்னைக்கு வச்ச பூவ இன்னைக்கே பாக்கணும்னு தோணுச்சு."

அவர் தொடர்ந்தார்: "எந்தம்பி எங்கூடப் பேசமாட்டான். ஆனா வருசம் தவறாம அம்மாவுக்குப் பூ வைக்கிறான்ல. அதைப் பாத்தா, எம்மேல கோவம் இருந்தாலும் அவன் மனசு நல்ல மனசுதான்னு இருக்கும். அந்த ஒரு படத்த வச்சுத்தாண்ணே நான் அவன மன்னிச்சதே."

பிறகு, குத்திக்காட்டுகிற தொனி துளியும் இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்பவர்போல ஒன்று கேட்டார்.

"தப்பு எம்மேலதான், கேட்டிருக்கணும். இனிமே எப்பிடிக் கேக்கணும்னு சொல்லுங்க, கேக்குறேன். எங்கம்மா கல்லறையப் படம் எடுக்கயில நீங்க யாருகிட்டண்ணே கேட்டீங்க?"

யாரிடமும் கேட்கவில்லை. எத்தனையோ குடும்பங்களின் கல்லறைகளை எடுத்து உலகம் முழுக்கத் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்கிறேன், ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் நாக்கைக் கட்டியது அது இல்லை. அந்தப் பூ.

அந்தப் பூவை வைத்தது தம்பி இல்லை. தம்பி கல்லறைத் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்து வருடக்கணக்காகிறது. கோபம், வைராக்கியம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வெறும் மறதி. தளம் தொடங்கிய முதல் வருடம், ஆள் வராத கல்லறைகளை வெறுமனே படமெடுத்துப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு மானம் போகுதுய்யா, அநாதைக் கல்லறை மாதிரி கெடக்கு" என்று சிலர் சொன்னார்கள். மறு வருடத்திலிருந்து புதுக்கோட்டை பூ மார்க்கெட்டில் ஒரு பை செவ்வந்தி வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன். யாரும் வராத கல்லறை என்றால், சிலுவை அடியில் இரண்டு கை பூவைப் பரப்பி, படமெடுப்பேன்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்லவனாகத் தெரிவேன். படமெடுத்ததும் அந்தப் பூவைத் திரும்ப அள்ளிப் பைக்குள் போட்டுக்கொள்வேன். அடுத்த வெறும் கல்லறையில் அதையே பரப்புவேன். ஒரே பை பூ, தோட்டம் முழுக்க நடக்கும். கடைசி வரிசைக்குப் போகும்போது இதழ் உதிர்ந்து காம்புதான் பாதி இருக்கும். அதற்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் தள்ளி நின்று எடுப்பேன். இதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஒழுங்காகப் படமெடுக்கிற முறை என்றுதான் வைத்திருந்தேன். அடுத்தவர் பொருளைக் கேட்டு எடுக்கப் பழகச் சொன்ன மனிதன், அந்த அம்மாவின் மேல் வைத்த பூவை ஒரு நிமிடத்தில் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். எனக்குச் சோறு போட்டவர் மேலிருந்து.

அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "பத்து நிமிசத்துல சரி பண்ணிர்றேம்மா, மன்னிச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னேன். "பரவால்லண்ணே, அவுக காத்திருக்காக" என்று வைத்துவிட்டார். ஓடிப்போய் வீட்டு லேப்டாப்பைத் திறந்து அந்த இரண்டு வரியையும் அழித்தேன். நீலப் பக்கத்தில் படம் திரும்பி வந்தது. சுத்தமான செவ்வந்தி, மழைத்துளியோடு. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. குவைத்தில் நாலு குடும்பம் அதன் முன்னால் மண்டியிட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது, சிவப்பு எழுத்தே பரவாயில்லை என்று தோன்றியது. அதிலாவது பொய் இல்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் இந்த முறை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "சொல்லாம விட்டா அவுக தம்பி நல்லவன்னு நெனச்சுக்கிட்டாச்சும் இருப்பாக" என்றாள். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆறுதலும் போய்விடும், அதை எடுக்க நான் யார் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரைக் காப்பாற்றுவதற்காக நான் பேசாமல் இருக்கவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இருந்தேன். கடையில் வெளிநாட்டு அழைப்பு வந்தால் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஒரு மாதம் அப்படிப் போனது. டிசம்பரில் அவரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். கிறிஸ்துமஸுக்குத் தம்பிக்குப் போன் செய்யலாம் என்று நினைக்கிறேன், அம்மாவை அவன் பார்த்துக்கொள்வதற்கு ஒரு நன்றியாவது சொல்லணும் என்று. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நன்றி சொல்கிறவரிடம் அந்தத் தம்பி, என்ன பூ, எவன் வைத்தான் என்று கேட்டால் அவர் நிலைமை என்ன? கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூப்பிட்டேன்.

சுற்றிவளைக்காமல் சொன்னேன். பூ நான் வைத்தது. படத்துக்காக வைத்தது. எடுத்ததும் அள்ளிக்கொண்டு போய் வேறு கல்லறையில் வைத்தது. தம்பி வருவதில்லை.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எவ்வளவு நேரம்ணே இருந்துச்சு, அம்மா மேல?"

"ஒரு நிமிசம் இருக்கும்மா."

"எல்லா வருசமும்?"

"எல்லா வருசமும்."

அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்ட வேண்டும் என்று ஆசைப்படவும் செய்தேன். "சரிண்ணே, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு பத்து மாதம் அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நீலப் பக்கத்தை அடிக்கடி திறந்து பார்ப்பேன். படத்தை எடுத்துவிடுவார் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்தேன். அவர் எடுக்கவில்லை. 4-11 என் சர்வரிலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஒரு வருடத்தில் நான் செய்தது, வீடு வீடாகப் போனதுதான். ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டேன், உங்கள் கல்லறையை எடுத்துப் போடலாமா என்று. "இத்தன வருசம் போட்டுப்புட்டு இப்ப என்னய்யா கேள்வி" என்று பலர் சிரித்தார்கள். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்தப் படங்களைத் தளத்திலிருந்து நீக்கிவிட்டேன். தம்பி வீட்டுக்கும் போனேன். "எதை வேணா எடுத்துக்கங்க, எனக்கென்ன" என்றார் அவர், தலை நிமிராமல், போனைப் பார்த்தபடி.

அது எனக்குப் போதவில்லை. நவம்பர் முதல் தேதி, குவைத்துக்குக் கூப்பிட்டேன். எடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"நாளைக்குக் கல்லறைத் திருநாள்மா. ஒங்கம்மா கல்லறையப் படம் எடுக்கலாமா?"

இதைக் கேட்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

"எடுங்கண்ணே" என்றார். "எப்பிடி இருக்கோ அப்பிடியே எடுங்க. செடி மண்டிக் கெடந்தா மண்டுனபடியே போடுங்க. எம்மகளுக்குச் சொல்லிட்டேன், இந்த வருசம் பூ இருக்காதுன்னு." பேச்சை முடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். முடிக்கவில்லை. "எடுத்து முடிச்சப்பறம், ஒங்களுக்கு முடிஞ்சா, கொஞ்சம் பூ வச்சிட்டு வாங்கண்ணே. அதைப் படம் எடுக்க வேணாம்."

மறுநாள் காலையில் தூறல். தீர்த்தம் தெளித்துப் பங்குச்சாமியார் போய், கூட்டமும் கலைந்த பிறகு நாலாம் வரிசைக்குப் போனேன். பதினோராம் கல்லறையில் சுண்ணாம்பு கிடையாது. ஒரு பக்கம் பாசி ஏறியிருந்தது, சிலுவையைச் சுற்றிக் கொடி படர்ந்து கிடந்தது. கொடியைப் பிடுங்கிவிட்டு எடுக்கலாமா என்று கை போனது. போன கையை இழுத்துக்கொண்டேன். இருந்தபடியே எடுத்தேன். அங்கே நின்றபடியே 4-11 என்ற பெயரில் ஏற்றி, நீலப் பக்கத்தைத் திறந்தேன். 'எங்கள் அன்பு அம்மா'வுக்குக் கீழே அந்தப் பாசியும் கொடியும் வந்து நின்றன.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கொடியைப் பிடுங்கினேன். மார்க்கெட்டில் வாங்கி வந்த பூப்பையில் இருந்த செவ்வந்தி முழுவதையும் சிலுவையடியில் கொட்டி, கையால் பரப்பிவிட்டேன். செபம் சொல்லவில்லை. "ஒங்க மக குடுத்துவிட்டுச்சும்மா" என்று மட்டும் சொன்னேன். பிறகு காலிப் பையை மடக்கி இடுப்பில் சொருகிக்கொண்டு அடுத்த கல்லறைக்குப் போனேன்.